வீடியோவுக்கு ஒரு கேமரா: கையில் இருக்கும் பணத்துக்கு எதை வாங்கலாம்?

கடைக்குப் போய் "வீடியோ எடுக்க ஒரு நல்ல கேமரா காட்டுங்க" என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை மெகாபிக்சல், நொடிக்கு எத்தனை படம் என்றுதான் பேச்சு தொடங்கும். இரண்டும் போட்டோ எடுப்பவருக்கான கணக்கு. 4கே வீடியோவின் ஒரு பிரேமில் இருப்பது சுமார் 83 லட்சம் பிக்சல்தான். இன்று கடையில் இருக்கும் விலை குறைந்த மிரர்லெஸ் கேமராவிலும் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் உண்டு.

வீடியோவை நம்பிப் பிழைக்கப் போகிறவர் கேட்க வேண்டியவை வேறு. நிறுத்தாமல் எவ்வளவு நேரம் ஓடும்? சூடு ஏறினால் அணைந்துவிடுமா? ஹெட்போன் மாட்ட இடம் இருக்கிறதா? 4கே-க்கு மாறியதும் படத்தின் அகலம் குறைகிறதா? இந்த நான்குக்கும் விற்பனையாளரிடம் பதில் இல்லையென்றால், அந்த மாடலின் கையேட்டை இறக்கிப் படித்த பிறகு பணத்தை எடுங்கள்.

கல்யாண வீடியோ, யூடியூப் சேனல், கடை விளம்பரம், குறும்படம் என்று ஏதோ ஒன்றை வருமானமாக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கையில் 50,000 முதல் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். இந்தத் தொகைக்குள் நல்ல தொழில் கருவி அமையும். ஒரே நிபந்தனை, பாடிக்கு, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவுக்கு, பாதிப் பணத்துக்கு மேல் போகக் கூடாது.

ஒரு லட்சம் இருக்கிறதென்றால் கணக்கு ஏறக்குறைய இப்படி வரும்: பாடிக்கு 50,000, லென்ஸுக்கு 22,000, மைக்குக்கு 10,000, கார்டுக்கும் கூடுதல் பாட்டரிக்கும் 8,000, மோனோபாட் அல்லது ட்ரைபாடுக்கு 6,000, மிச்சம் வெளிச்சத்தைக் குறைக்கும் ஒரு என்.டி. ஃபில்டருக்கும் சின்ன எல்.இ.டி. லைட்டுக்கும். புதிய பாடி இந்தத் தொகைக்குள் அடங்காவிட்டால் பழையதை வாங்குங்கள். லென்ஸையும் மைக்கையும் வெட்டிப் புதிய பாடி வாங்க வேண்டாம். வாடிக்கையாளர் உங்கள் பாடியின் பெயரைக் கேட்கப் போவதில்லை. பெண்ணின் அப்பா பேசியது கேட்கவில்லை என்றால் மட்டும் கட்டாயம் கேட்பார்.

விலை குறைந்த கேமராவால் பெரிய வேலை ஆகாது என்ற பயம் பலருக்கு இருக்கிறது. 2008-இல் கேனான் 5டி மார்க் 2 வந்தபோதுதான் ஸ்டில் கேமராவில் முழு எச்.டி. வீடியோ எடுப்பது உலகெங்கும் பரவத் தொடங்கியது. நான்கே ஆண்டில், 2012-இல் வெளிவந்த பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' கேனான் 7டி என்ற ஸ்டில் கேமராவில் எடுக்கப்பட்டு, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது. ஒளிப்பதிவு விஜய் மில்டன். அந்தக் கேமராவில் 4கே கிடையாது. ஒரு ஷாட் 12 நிமிடம் தாண்டாது. 2015-இல் ஷான் பேக்கர் 'டேஞ்சரின்' படத்தை ஐபோன் 5எஸ்-இல் எடுத்தார். இன்று 50,000 ரூபாய்க்குக் கிடைப்பது வீடியோவுக்கு அந்த இரண்டையும் விட மேம்பட்ட கருவி.

கல்யாண மண்டபம் கேட்பது என்ன

எல்லா வேலையிலும் கேமராவைக் கடுமையாகச் சோதிப்பது கல்யாணம்தான். தாலி கட்டுவதை இன்னொரு முறை செய்யச் சொல்ல முடியாது. அதனால் முதல் தேவை, நிற்காமல் ஓடுவது.

பழைய ஸ்டில் கேமராக்கள் பல 29 நிமிடம் 59 நொடியில் தானாகவே பதிவை நிறுத்திவிடும். தொழில்நுட்பக் குறைபாடு இதற்குக் காரணமில்லை. 30 நிமிடமோ அதற்கு மேலோ தொடர்ந்து பதிவு செய்யும் கருவியை ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க விதி வீடியோ கேமரா என்று வகைப்படுத்தி வரி கேட்டது. அதைத் தவிர்க்கவே கம்பெனிகள் அந்த எல்லையை வைத்தன. புதிய மாடல்களில் இது பெரும்பாலும் போய்விட்டது. பழைய பாடி வாங்குகிறவர் மட்டும் கட்டாயம் பார்க்க வேண்டும். முகூர்த்தத்துக்கு நடுவே சிவப்பு விளக்கு அணைந்திருப்பதைக் கவனிக்காமல் நிற்பவர்களை மண்டபங்களில் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது சூடு. கம்பெனிகள் சொல்லும் ஓடும் நேரம் பெரும்பாலும் 23 முதல் 25 டிகிரி அறையில் அளந்தது. சித்திரை, வைகாசியில் ஏ.சி. இல்லாத மண்டபத்தில், ஹோமத்துக்குப் பக்கத்தில், வீடியோ லைட்டுக்குக் கீழே அந்த நேரம் நடக்காது. சோனியில் தானாக அணையும் வெப்ப அளவை உயர்த்தி வைக்க மெனுவில் இடம் உண்டு. வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள். திரையை பாடியோடு ஒட்டி வைக்காமல் வெளியே திறந்து வைத்தாலும் சூடு குறையும்.

மூன்றாவது ஒலி. கெட்டிமேளம் முழங்கும் நொடியில் ஆட்டோ ஒலி அளவு வைத்த கேமரா என்ன செய்யும் தெரியுமா? நாதஸ்வரமும் தவிலும் ஒரே இரைச்சலாக உடைந்து பதிவாகும். பிறகு அளவு தானாகக் கீழே இறங்கி, ஐயர் சொல்லும் மந்திரம் சில நொடிகளுக்குக் கேட்காமலே போகும். ஒலி அளவைக் கையால் வைக்க முடிகிற கேமராதான் இதற்கு ஆகும். அதைக் காதில் கேட்டு உறுதிப்படுத்த ஹெட்போன் ஜாக் வேண்டும். விலை குறைந்த பாடிகளில் கம்பெனிகள் முதலில் வெட்டுவது இந்த ஜாக்கைத்தான். கேனான் ஆர்50-இல் இல்லை, நிக்கான் இசட்30-இல் இல்லை, சோனி இசட்வி-இ10-இல் இருக்கிறது. வயர்லெஸ் மைக் வாங்கும்போது, அதே ஒலியைக் குறைந்த அளவில் தனியாக இன்னொரு டிராக்கில் பதியும் வசதி இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். மேளச் சத்தத்தில் முதல் டிராக் உடைந்தாலும் இரண்டாவது காப்பாற்றும்.

நான்காவது, இரண்டு கார்டு ஸ்லாட். இந்த விலையில் புதிதாகக் கிடைப்பது அரிது. ஒரே ஸ்லாட் என்றால் 256 ஜி.பி. கார்டு ஒன்றில் கல்யாணம் முழுவதையும் அடைக்காதீர்கள். 64 அல்லது 128 ஜி.பி. கார்டுகளாகப் பிரித்துக்கொண்டால் ஒன்று பழுதானாலும் மற்றவை மிஞ்சும்.

மேடைக்கு எதிரே ட்ரைபாடில் நின்று முழு நிகழ்ச்சியையும் எடுக்கும் ட்ராடிஷனல் வேலைதான் உங்களுடையது என்றால், மிரர்லெஸ்தான் வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. பழைய கேம்கார்டர் ஒன்று சீரான ஜூமும், மணிக்கணக்கில் ஓடும் பாட்டரியும், சரியான மைக் இணைப்பும் தரும். கேண்டிட், ஹைலைட்ஸ் என்று போகிறவருக்குத்தான் பின்னணி மங்கும் அழகும் இருட்டில் தெளிவும் வேண்டும். அவர் மிரர்லெஸ் பக்கம் வரட்டும்.

பெட்டியில் 4கே என்று எழுதியிருந்தால் போதுமா?

4கே தேவைதான். ஆனால் கடைக்காரர் சொல்லும் காரணத்துக்காக அல்ல. உங்கள் வீடியோவைப் பெரும்பாலோர் போனில்தான் பார்க்கப் போகிறார்கள். அங்கே 4கே-யும் முழு எச்.டி.-யும் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் காட்டாது. பயன் எடிட்டிங்கில் இருக்கிறது. கிடைமட்டமாக எடுத்த 4கே பிரேமின் நடுவிலிருந்து ஒரு ரீல்ஸ் வெட்டினால் 1215×2160 பிக்சல் கிடைக்கும். ரீல்ஸுக்குத் தேவை 1080×1920. ஆக ஒரே ஷாட்டில் ஆல்பம் வீடியோவும் ரீல்ஸும் தரம் குறையாமல் வந்துவிடும். முழு எச்.டி.-யில் எடுத்ததை அப்படி வெட்டினால் மிஞ்சுவது 607 பிக்சல் அகலம்தான். வாடிக்கையாளர் இரண்டையும் கேட்கும் காலம் இது. இந்த ஒரு காரணத்துக்காகவே 4கே வாங்கலாம்.

ஆனால் எந்த 4கே என்று பாருங்கள். கேனான் எம்50, 200டி மார்க் 2 போன்றவற்றிலும் 4கே உண்டு. அதை இயக்கினால் படம் பெரிதாக வெட்டப்பட்டு, அகல லென்ஸ் அகலமாக இருக்காது. கேனானுக்குப் பேர் வாங்கித் தந்த டூயல் பிக்சல் ஃபோகஸும் 4கே-யில் வேலை செய்யாது. பழைய சந்தையில் இவை மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். முழு எச்.டி. போதும் என்பவர் மட்டும் வாங்கலாம். ஆர்50-இல் இந்தக் குறை இல்லை; முழு அகலத்திலும் 4கே எடுக்கும்.

நம் ஊரில் 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்து எடுப்பதே நல்லது. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அமெரிக்க யூடியூபரைப் பார்த்து 30 பிரேம், 1/60 என்று வைத்தால் ட்யூப்லைட்டும் மலிவான எல்.இ.டி.-யும் திரையில் துடிக்கும். சோனி இசட்வி-இ10-இல் 30 பிரேமில் படம் கொஞ்சம் வெட்டப்படுகிறது. 25-இல் வெட்டு இல்லை. நமக்கு அதுவே வசதி.

வெயிலில் எடுப்பதற்கு ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். உச்சி வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/50 என்றால் அப்பெர்ச்சர் எஃப் 22 வரை மூட வேண்டியிருக்கும். அவுட்டோரில் எஃப் 2.8-இல் பின்னணி மங்க எடுக்க ஆசைப்பட்டால் ஆறு ஸ்டாப் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். அதற்குத்தான் என்.டி. 64 ஃபில்டர். அது இல்லாதவர் ஷட்டரை 1/3200-க்கு ஏற்றுவார். நடை, கை அசைவு எல்லாம் வெட்டி வெட்டித் தெரியும். போட்டோக்காரராக இருந்து வீடியோவுக்கு வருகிறவர்களுக்கு இந்தச் செலவு முன்கூட்டியே தெரிந்திருப்பதில்லை.

10-பிட், லாக் (எடிட்டில் பிறகு நிறம் ஏற்றுவதற்காக மங்கலாகப் பதியும் முறை) என்ற சொற்களும் உங்கள் காதில் விழும். 8-பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 10-பிட்டில் 1024. வானமும் சுவரும் கோடு கோடாகப் பிரியாமல் நிறம் மாற்ற 10-பிட் உதவும் என்பது உண்மை. ஆனால் அன்றாடக் கல்யாண வேலையில் கேமராவின் சாதாரண ப்ரொஃபைலிலேயே சரியாக எக்ஸ்போஷர் வைத்து எடுப்பது நேரத்தையும் மிச்சப்படுத்தும், தோல் நிறத்தையும் காக்கும். வெளிச்ச அளவைத் திரையில் கோடுகளாகக் காட்டும் ஸீப்ராவை முகத்துக்கு 70-இல் வைக்கச் சொல்லும் பாடங்கள் வெள்ளைத் தோலை மனதில் வைத்தவை. நம் மாநிறத்துக்கு 50 முதல் 60 வரை போதும். அதற்கு மேல் ஏற்றினால் முகம் பௌடர் பூசியது போலாகி, மாப்பிள்ளையின் பட்டு வேட்டி வெறும் வெள்ளையாக வெந்துபோகும். 8-பிட் கேமராவில் லாக் எடுப்பதை அறவே தவிர்க்கலாம்.

10-பிட் கேமரா வாங்குவதற்கு முன் உங்கள் கம்ப்யூட்டரையும் கேளுங்கள். 4:2:2 10-பிட் எச்.265 ஃபைலை ஹார்டுவேரிலேயே விரிக்க இன்டெல் 11-ஆம் தலைமுறை முதலான சிப்களின் உள்கிராஃபிக்ஸ் உதவும். ஆப்பிள் எம்1 முதல் வந்தவையும் உதவும். என்விடியா கார்டுகளில் 50 வரிசைக்கு முந்தியவற்றால் முடியாது. பெயரின் கடைசியில் 'எஃப்' என்று முடியும் இன்டெல் ப்ராசஸரில் உள்கிராஃபிக்ஸே இல்லை. விலை குறைவு என்று பலர் வாங்கி வைத்திருப்பது அதைத்தான். அப்படிப்பட்ட மெஷினில் டைம்லைன் நகராது. எடிட்டருக்குக் கொடுக்கும் கூலி ஏறும்.

இடத்தையும் கணக்கில் எடுங்கள். 100 எம்.பி.பி.எஸ். 4கே என்றால் மணிக்கு 45 ஜி.பி. நான்கு மணி நேரம் ஓடினால் 180. இரண்டு காப்பி வைக்காமல் தொழில் செய்யக் கூடாது, ஆக ஒரு கல்யாணத்துக்கு 360 ஜி.பி. ஹார்டு டிஸ்க் செலவைச் சேர்த்துத்தான் உங்கள் கூலியைச் சொல்ல வேண்டும். இந்த வேகத்துக்கு வி30 என்று அச்சிட்ட கார்டு போதும். போலி கார்டுகள் நிறைய உலவுகின்றன. வாங்கிய அன்றே முழுக் கொள்ளளவுக்கும் எழுதிச் சோதித்துவிடுங்கள்.

யாருக்கு எது

தனியாளாக, கேமராவையும் மைக்கையும் நீங்களே பார்த்துக்கொண்டு, யூடியூபும் சிறு விசேஷங்களும் எடுக்கப் போகிறீர்களா? சோனி இசட்வி-இ10 எடுங்கள். 2021-இல் வந்தது, பழையதாகவும் தாராளமாகக் கிடைக்கிறது. முகத்தை விடாமல் பிடிக்கும் ஃபோகஸ், மைக் ஜாக், ஹெட்போன் ஜாக், புதிதும் பழையதுமாக ஏராளமான லென்ஸ் என்று எல்லாம் அமைந்திருக்கிறது. குறையும் சொல்லிவிடுகிறேன். பாடியில் நடுக்கம் தடுக்கும் வசதி இல்லை. கேமராவை வேகமாகப் பக்கவாட்டில் திருப்பினால் மண்டபத் தூண் படத்தில் சாய்ந்து தெரியும். எஃப்டபிள்யூ50 பாட்டரி சின்னது, நான்கு வேண்டும். 2024-இல் வந்த இரண்டாம் பதிப்பில் பெரிய பாட்டரியும் 10-பிட்டும் உண்டு. பணம் இருந்தால் அதையே எடுக்கலாம்; ஆனால் பாதிப் பணக் கணக்கு உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நகைக்கடை, ஜவுளிக்கடை, ஹோட்டல் விளம்பரம் என்று போகிறவருக்கு நிறம் முக்கியம். கேனான் ஆர்50-இல் நேராக எடுத்த வீடியோவே கையில் கொடுக்கும் அளவுக்கு இருக்கும். ஒரு பதிவு ஒரு மணி நேரத்தில் நின்றுவிடும். விளம்பர வேலைக்கு அது தடையே இல்லை.

ட்ரைபாடில் வைத்து நீண்ட நேரம் எடுப்பது, மேடைக் கச்சேரி, பட்டிமன்றம், கல்லூரி விழா என்று போகிறவருக்கு நான் சொல்வது பழைய பானாசோனிக் ஜிஎச்5. 2017 மாடல். நேர எல்லை இல்லை, இரண்டு கார்டு ஸ்லாட், முழு அளவு எச்.டி.எம்.ஐ., 10-பிட், பாடியிலேயே நடுக்கத் தடுப்பு. வீடியோவில் ஆட்டோ ஃபோகஸ் மட்டும் நம்பத் தகுந்ததல்ல. ஃபோகஸைக் கையால் வைக்கத் தெரிந்தவருக்கு இந்த விலையில் இதற்கு இணை இல்லை.

குறும்படம் எடுத்து சினிமாவுக்குள் போக நினைப்பவர்களுக்கு பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே கண்ணில் படும். படத் தரம் அருமை. தொடர்ந்து ஃபோகஸ் பிடிக்கும் வசதி அதில் கிடையாது. பாட்டரியும் சீக்கிரம் தீரும். கல்யாணத்துக்கு வேண்டவே வேண்டாம். குறும்படத்துக்கும் அதை வாங்குவதை விட, சென்னையில் வடபழனி, சாலிகிராமம் பக்கம் நாள் வாடகைக்கு எடுப்பதே கணக்குக்கு ஒத்து வரும். நல்ல போன் ஏற்கெனவே கையில் இருந்தால் பிளாக்மேஜிக் கேமரா செயலியை இலவசமாக இறக்கி, ஷட்டரையும் நிறத்தையும் கையால் வைத்து ஒரு படத்தை முடித்துவிடுங்கள். எடிட்டுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு போதும்.

இந்த எல்லாவற்றையும் மீறி முடிவை மாற்றக் கூடிய ஒரு விஷயம் இருக்கிறது. தொடக்கத்தில் உங்களுக்கு வேலை தரப் போவது ஊரில் இருக்கும் பெரிய ஸ்டுடியோக்கள்தான். அவர்களிடம் இரண்டாவது கேமராவாகப் போவீர்கள். அவர்கள் வைத்திருப்பது சோனி என்றால் நீங்கள் கொண்டுபோவதும் சோனியாக இருந்தால், லென்ஸும் பாட்டரியும் கைமாறும், எடிட்டில் நிறமும் ஒத்துப் போகும். வேலைக்குக் கூப்பிடும்போது இதைப் பார்த்துக் கூப்பிடுகிறார்கள். ஆகவே வாங்குவதற்கு முன் இரண்டு ஸ்டுடியோக்காரர்களிடம் பேசுங்கள்.

பழையது வாங்கும்போது

ஷட்டர் கவுன்ட்டை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். வீடியோ எடுக்கும்போது ஒவ்வொரு பிரேமுக்கும் அந்த ஷட்டர் அடிப்பதில்லை. மைக் ஜாக்கில் மைக்கைச் செருகி, வயரை மெல்ல ஆட்டிக்கொண்டே ஹெட்போனில் கேளுங்கள். கரகரப்பு வந்தால் வேண்டாம். எச்.டி.எம்.ஐ. துளையை டிவியில் மாட்டிப் பாருங்கள். லென்ஸ் மூடியைப் போட்டு ஐ.எஸ்.ஓ.-வை ஏற்றி ஒரு நிமிடம் பதிவு செய்து, பெரிய திரையில் பார்த்தால் நிலையாக ஒளிரும் புள்ளிகள் தெரிந்துவிடும். டி.ஜே. மேடைகளின் லேசர் பட்டு சென்சார் எரிந்த பாடிகளும் சந்தைக்கு வருகின்றன. வெளிர் சுவரைப் படமெடுத்தால் கோடு காட்டும். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் இது சர்வ சாதாரணம்.

துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் உறவினர் கொண்டு வருவதில் விலை குறையும். ஆனால் இங்கே பெரும்பாலும் வாரண்டி செல்லாது. ஜப்பான் சந்தைக்கென்று வந்த சோனி பாடிகளில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருப்பதுண்டு. பில் இல்லாத பாடியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். திருட்டுப் பொருளாக இருக்கலாம் என்பதோடு, நாளை நீங்கள் விற்கும்போதும் அதே சந்தேகம் உங்கள் மேல் விழும். பில்லில் உள்ள சீரியல் எண்ணும் பாடியின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கடையிலேயே ஒப்பிடுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் கடைசியாக ஒன்று செய்யுங்கள். எந்த மாடலைத் தேர்ந்தெடுத்தீர்களோ அதை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, தெரிந்தவர் வீட்டு விசேஷத்தில் நாற்பது நிமிடம் தொடர்ந்து ஓட்டி, அன்றிரவே உங்கள் கம்ப்யூட்டரில் எடிட் செய்து பாருங்கள். அதில் தேறிய கேமராவை வாங்குங்கள். தேறாவிட்டால் உங்களுக்குச் செலவு ஒரு நாள் வாடகை மட்டும்தான்.